குறுக்கே பேசாதவர்

"வேற ஏதாவது விட்டுப்போச்சுங்களா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார் பூட்டுக்காரர். காரைக் கொண்டுவந்தவர் சொல்ல இருந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு, அலுத்துப்போய் நிற்கிறார். அதுவரை பூட்டுக்காரர் காரைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தக் கார் பட்டறையில் வயரிங் வேலை முழுக்க அவருடையதுதான். ஆனாலும் ஸ்டியரிங் பூட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் இந்தப் பெயர். அதைப் பற்றிக் கேட்டால் குஷியாகிவிடுவார். "வண்டிய நிறுத்தி எறங்கினதும் குட்டி மோட்டார் ஒண்ணு தாழ்ப்பாளைத் தள்ளி, ஸ்டியரிங் தண்டைப் பிடிச்சுக்கும். திரும்ப வந்து பட்டனை அமுக்கினா, சாவி நம்மளோடதுதானான்னு வண்டி விசாரிக்கும். ஆமான்னா தாழ்ப்பாள் பின்வாங்கும். வாங்கிடுச்சுன்னு தகவல் சொல்ல உள்ள ஒரு சுவிட்சு. அது சொன்னாத்தான் இன்ஜின் ஓடும்."

போன வருடம் வரை அவர் யாரையும் பேசி முடிக்க விட்டதில்லை. பாதியிலேயே வண்டியின் நோயைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

அப்போது ஒரு நாள், வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்சம்மா ஒருவர் வந்தார். "சில நாள் ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது..."

"சக்கரத்தைத் திருப்பி வச்சு நிறுத்தியிருப்பீங்க. தாழ்ப்பாள் இறுகியிருக்கும். ஸ்டியரிங்க லேசா ஆட்டிக்கிட்டே அமுக்குங்க."

"இல்லீங்க, நேராத்தான்..."

"ஓட்டுறவங்களுக்குத் தெரியலன்னா பூட்டு என்னம்மா பண்ணும்?"

பட்டறையே சிரித்தது. அடுத்த வாரம் நர்சம்மா மறுபடி வந்தபோது பூட்டுக்காரர் எழுந்துகூட வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, ஆட்டுங்கள் என்று கையால் சைகை காட்டினார்.

மூன்றாம் முறை காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். நர்சம்மா சத்தம் போடவில்லை.

"நேத்து காலையில ஒரு பிரசவம். வண்டி கெளம்பல. நீங்க சொன்னீங்களேன்னு அரை மணி நேரம் ஆட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஓட்டமும் நடையுமாப் போய்ச் சேர்ந்தா, கொழந்தை பொறந்து கெடக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு துணியக் கடிச்சுக்கிட்டுத் தனியாப் பெத்திருக்கு."

பூட்டுக்காரர் பூட்டைக் கழற்றினார். தாழ்ப்பாளில் ஒரு குறையும் இல்லை. தகவல் சொல்லும் சுவிட்சின் செப்புத் தகடுதான் தேய்ந்திருந்தது. தாழ்ப்பாள் விலகிய பிறகும் பூட்டியே இருப்பதாக வண்டி நினைத்திருக்கிறது. நாள் முழுக்க ஆட்டியிருந்தாலும் கிளம்பியிருக்காது. முதல் நாளே கழற்றிப் பார்த்திருந்தால் அரை நாள் வேலை.

"திடீர்னு போயிருக்கும்மா" என்றார்.

நர்சம்மா நம்பிவிட்டார். "அப்போ என் தப்பு இல்லதானே? ராத்திரி பூரா அதையே நெனச்சுட்டுக் கெடந்தேன்."

பூட்டுக்காரருக்குக் காது மடல் சுட்டது. அன்று சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

"பொய் சொல்லிட்டேம்மா. இது ரொம்ப நாளாவே தேஞ்சிருக்கு. மொத நாளே நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நாந்தான் காதுல வாங்கல."

நர்சம்மா "சரி" என்று மட்டும் சொன்னார். மன்னித்தாரா என்பது இன்றுவரை பூட்டுக்காரருக்குத் தெரியாது. அன்று தொடங்கியதுதான் இந்தப் பொறுமை. "ஊர்ல இருக்குறவங்க பேசுறதெல்லாம் காதுல ஏறுது, என் பேச்சு மட்டும்தான் ஏறல" என்பது வீட்டில் மனைவியின் புகார்.

நர்சம்மா இப்போதும் இங்கேதான் காரைக் கொண்டுவருகிறார். இன்று வேலை முடிந்து கிளம்பும்போது, "அந்தக் கொழந்தை நடக்குது, பாருங்க" என்று செல்போனை நீட்டினார். படத்தில் ஒரு குழந்தை நாற்காலியைப் பிடித்தபடி ஓரடி எடுத்து வைத்திருந்தது. பூட்டுக்காரர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். அழுக்குப் போன பிறகும், விரல் விரலாக, நிமிராமல் துடைத்துக்கொண்டே இருந்தார்.