நான்கு வண்டிக்கு ஒரு பெட்டி போல்ட்

என் மைத்துனன் உயிருக்கு என்ன விலை என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: பத்து ஹெட் போல்ட். புதுசு. பெட்டியோடு. இது கட்டுக்கதை இல்லை. இருட்டில் எதையோ பார்த்து மிரண்ட கதையும் இல்லை. பட்டப்பகல், மணி 1.20, என் கடையில், என் கண் முன்னால் நடந்தது.

பழைய கார்களின் என்ஜினைப் பிரித்துப் புதுப்பித்துத் தருவது எங்கள் தொழில். கை அவனுடையது, வாய் என்னுடையது. ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் ஐம்பது வயதுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். இறக்கிய ஹெட்டை, அதாவது என்ஜினின் மேல்மூடியை, திரும்பப் பூட்ட அடியில் வைக்க ஒரு கேஸ்கெட்டும் இறுக்கப் பத்து போல்ட்டும் வேண்டும். கேஸ்கெட் மட்டும் மைத்துனன் கேட்டதையே வாங்கினேன். தகடு அடுக்கியது, உசத்தி. அங்கே விட்டதைப் போல்ட்டில் பிடித்துவிடலாம் என்பது என் எண்ணம். புதுப் போல்ட் பெட்டியை டாக்டருக்குக் காட்டினேன், பில் போட்டேன், அவர் போனதும் மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். அதே பெட்டி ஏற்கெனவே மூன்று வண்டிக்கு பில் ஆகியிருந்தது. இவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிற பிள்ளை எனக்குப் பிறக்கவில்லை.

பூட்டுமுன் மைத்துனன் அதிலிருந்து ஒன்றை எடுத்து, கழற்றிய பழசோடு கண்ணாடி மேஜைமேல் தலைகீழாக நிறுத்திக் காட்டியிருந்தான். பழசு ஒரு நூல் கூடுதல் உயரம்.

"ஒரு தடவ முறுக்கினா இழுத்துக்கும் மாமா. மறுபடி பிடிக்காது."

"உங்கக்கா பதினஞ்சு வருஷமா என்னை முறுக்குறா. நான் அறுந்தா போயிட்டேன்? பழசையே போடு மாப்ளே."

போட்டான். ஆனால் டாக்டரிடம் கொடுக்குமுன் மலைப்பாதையில் தானே ஏற்றிப் பார்ப்பேன் என்று அடம்பிடித்தான். பெட்ரோலைப் பார்த்து ஊற்று என்றேன். 12.10க்குக் கிளம்பினான்.

மணி 1.20. பில் எழுதிக்கொண்டிருந்தேன்.

டிக்.

நிமிர்ந்தேன். மைத்துனன். எனக்கு முதுகு காட்டி மேஜையருகே நின்றான். கார் வந்த சத்தமே கேட்கவில்லை. போல்ட் பெட்டி வெளியே இருந்தது. சாவி என் இடுப்பில்...

ஒவ்வொரு போல்ட்டாக எடுத்தான். கண்ணாடிமேல் நிறுத்தினான். குனிந்து உயரம் பார்த்தான். பைக்குள் போட்டான்.

டிக்... டிக்...

அவன் சட்டையிலிருந்து ஆவி எழுந்தது. ரேடியேட்டர் தண்ணீரின் தித்திப்பு வாடை. மின்விசிறிக் காற்றில் என் பில் தாள் படபடத்தது. அவன் தலைமுடி அசையவில்லை.

"என்னடா பண்ற?"

"பொறுக்குறேன் மாமா."

"வண்டி?"

"மேலயே நிக்குது."

டிக்... ஏழு. டிக்... எட்டு. என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

1.24. போன். போலீஸ்காரர். மலை வளைவில் கார் ஆவி கக்கி நின்றதாம். இறங்கி பானெட்டைத் திறந்தவனைப் பின்னால் வந்த லாரி காரோடு சேர்த்து நசுக்கிவிட்டதாம். மணி 12.50.

டிக்.

"தப்பா சொல்றீங்க சார். அவன் இங்கதான்..."

டிக்.

திரும்பினேன்.

யாருமில்லை. காலிப் பெட்டி. கண்ணாடியில் பத்து எண்ணெய்த் தடம்.

தொட்டேன்... சுட்டது.

விசாரணையில், புதுசு வாங்கிக் கொடுத்தேன், பில் இருக்கிறது, பழசைப் போட்டது அவன்தான் என்றேன். என் மனைவியும் நம்பினாள். செத்த தம்பியைத் திட்டித் திட்டி அழுதாள்.

மூன்றாம் நாள், போலீஸ் பூட்டிவைத்திருந்த காரை என் எதிரிலேயே பிரித்தார்கள். ஒன்பது போல்ட் புத்தம் புதுசு. ஒவ்வொன்றின் தலையிலும், முறுக்கி முடித்ததற்கு அடையாளமாக மைத்துனன் வைக்கிற வெள்ளைப் பொட்டு. பத்தாவது துளையில் முறிந்த பழைய துண்டு. அது அடைத்துக்கொண்டிருக்கும்வரை அங்கே புதுசு இறங்காது.

"ஒண்ணுல போய்க் கஞ்சத்தனம் பண்ணியிருக்கானே" என்றார் அதிகாரி.

ஆமாம் சார் என்றேன்.

பெட்டியிலிருந்து போனது பத்து. என்ஜினில் இருந்தது ஒன்பது.

ஒன்று அவனிடம் இருக்கிறது.