சத்துமாவு அட்டையில் ஒரு வாய்

தக்காளிக் கூடை வலது கையிலிருந்து நழுவியதுதான் முதல் அறிகுறி. கீரனூரில் எங்கள் தக்காளிக் காட்டில், காலை வேளை. கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். "பா... பா..." என்றுதான் வந்தது.

திண்டுக்கல் மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்த டாக்டர், பக்கவாதத்தோடு அஃபேசியாவும் (மூளை பாதிப்பால் பேச்சு வராமல் போவது) இருப்பதாகச் சொன்னார். "பேச்சும் எழுத்தும்தான் போயிருக்கு. நீங்க பேசுறது அவங்களுக்கு நல்லாப் புரியும்." அந்தக் கடைசி வாக்கியம் எங்கள் வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை.

வீடு திரும்பியதும் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள், ஆளுக்கொரு சத்துமாவுப் பெட்டியோடு. காது கேட்காதவளிடம் பேசுவதுபோல் "சாப்டியாஆ?" என்று கத்துவார்கள். பிறகு என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசுவார்கள். என்ன ஜென்மங்களோ!

பிசியோதெரபி (தசைப் பயிற்சி) கொடுத்த பெண் மட்டும்தான் என் முகம் பார்த்துப் பேசினாள். "அக்கா, இடது கையால எதையாச்சும் வரைங்க." கணவர் சிறுபிள்ளைகள் வண்ணம் தீட்டும் கிளிப்படப் புத்தகம் வாங்கிவந்தார். வீசி எறிந்தேன். சரி, வேறு என்னத்தை வரைவது? ஒரு மண்ணும் தோன்றவில்லை.

அந்த ஞாயிறு நாத்தனார் வந்தாள். என் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "ஏனுங்கண்ணா, அண்ணியப் பாக்க ஆளு வேணுமில்லீங்க. புள்ளையக் காலேஜுல இருந்து நிறுத்திப்போடுங்க." அவர் தலையாட்டினார். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கும் என் மகள் கதவோரம் நின்று அழுதாள். 'வேண்டாம்' என்று கத்தினேன். "பா பா" என்று வந்தது.

"பாவம், பசிக்குதாட்ட இருக்குது," என்றாள் நாத்தனார்.

பசியில்லை, ஆத்திரம். அவள் கொண்டுவந்த பெட்டியைப் பல்லால் கிழித்தேன். மகளின் மார்க்கரை இடது கையில் பிடித்து, அட்டையின் உட்புறத்தில் முதலில் நாத்தனாரின் வாயை வரைந்தேன். முகத்தைவிடப் பெரிய வாய். கோடெல்லாம் கோணல். அடுத்து ஒரு பஸ், படியில் பையோடு மகள். வீட்டு வாசலில் விளக்குமாறோடு ஒரு மீசைக்காரர்.

கணவர் அட்டையை வெகுநேரம் பார்த்தார். "இது நானா?"

தலையாட்டினேன்.

"அப்ப நாங்க பேசுனதெல்லாம் உனக்குப் புரிஞ்சுதா?"

மறுபடியும் ஆட்டினேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். திங்கட்கிழமை மகள் பஸ் ஏறினாள். அவர் வாசல் பெருக்கினார்.

என்னைப் போல் படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மனம் அமைதியாகட்டும், நல்ல எண்ணம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். யார் மேல் ஆத்திரமோ அவர் மூக்கிலிருந்து வரையத் தொடங்குங்கள்.

இப்போது பத்துப் பதினைந்து சொற்கள் வருகின்றன. முதலில் வந்தது 'வேண்டாம்'. நாத்தனார் என் கையில் மார்க்கர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறாள்.

முன்பு ஒரு காலையில் பத்துக் கூடை பறிப்பேன். இப்போது ஒரு காது வரைய ஒரு காலை ஆகிறது. ஆகட்டும். மரத்துப்போன வலது கையைத் தூக்கி அட்டையின் மேல் வைத்துக்கொள்கிறேன், நகராமல் இருக்க. அதற்கும் வேலை கொடுத்தாயிற்று.