ரங்கூன் கிளார்க்கு

இன்று ஆம்பூரில் ஒரு பொய் சொன்னேன். அப்போதிருந்து என் மேலேயே எனக்கு எரிச்சல்.

ரங்கூனில் நான் விருந்தாளியாகத் தங்கியிருந்தது நம் ஊர்த் தோல் வியாபாரி ஒருவர் வீட்டில். எனக்குக் கடுங்காய்ச்சல் வந்தபோது, வாசலில் இரண்டு மோட்டார் நின்றும் மனுஷர் ஒன்றைக்கூடத் தரவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு ஓடியவன் ஆம்பூரிலிருந்து போன ஒரு ரிக்‌ஷாக்காரன். கூலியும் வாங்கவில்லை.

"வூட்ல கேட்டா, ஆபீஸ்ல கிளார்க்கா இருக்கான்னு சொல்லுங்க சாமி. அது போதும்" என்றான்.

உயிரைக் காப்பாற்றியவன் கேட்டது. இன்று அவன் வீட்டைத் தேடிப்போய் அப்படியே சொன்னேன்.

"உங்க வாய்க்கு சக்கர போடணும்" என்று அவன் அம்மா கும்பிட்டாள்.

தோல் பதனிடும் கிடங்கிலிருந்து அப்போதுதான் வந்த அவன் தம்பிக்கு முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு.

"கையெழுத்துகூட தெரியாத அண்ணனுக்கே கிளார்க்கு வேலன்னா, நாலாவது படிச்ச நான் இன்னாத்துக்கு இந்தச் சுண்ணாம்புத் தொட்டில கெடக்கணும்? அடுத்த கப்பல்ல போய்ட்றேன்."

உண்மையைச் சொன்னால் அண்ணன் மானம் போகும். சொல்லாவிட்டால் தம்பியும் ரிக்‌ஷா இழுப்பான். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கப்பலுக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரிகளை ஊரெல்லாம் திட்டித் திரிந்தவன் நான். இன்று கமிஷன்கூட இல்லாமல் ஒருவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.