துண்டுக்கு என்ன சரித்திரம்?

"துண்டுக்கு என்னம்மா சரித்திரம் இருக்கு?" என்று காப்பாட்சியர் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்தால் அடக்கத் தெரியாது எனக்கு.

தஞ்சாவூர் அருங்காட்சியகம் ஒன்றில் மாதாமாதம் பொதுப் பேச்சு நடத்துவார்கள். அரண்மனைக் கட்டடக்கலை, தேர் வடிவமைப்பு, ராணிகளின் நகை என்று போய்க்கொண்டிருந்தது. கல்லூரியில் உடை வரலாறு நடத்துகிறவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். காப்பாட்சியர் எதிர்பார்த்தது பட்டு, ஜரிகை, தலைப்பாகை. நான் கொடுத்த தலைப்போ தோள்துண்டு.

"இருக்கு சார். உங்க பட்டுக்கு இருக்கறதைவிடக் கூடுதலாவே இருக்கு."

மனிதர் நல்லவர். முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

அவரைச் சமாளித்தது ஒன்றுமே இல்லை. வலங்கைமான் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்தவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. என் அப்பா பண்ணையாளாக இருந்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் தோளில் துண்டு கிடந்தது எங்கள் தெருவுக்குள் மட்டும்தான். மிராசுதார் வரப்பில் வந்தாலோ, நாங்கள் அவர்கள் தெருவைக் கடந்தாலோ துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். யாரும் சொல்லவே வேண்டாம், கை தானாகப் போகும். பிறகு ஊரில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடி ஏறியது. கோட்டையில் ஆட்சியும் மாறியது. அமைச்சர்கள் முழங்கால்வரை தொங்கும் கரைத்துண்டைப் போட்டுக்கொண்டு மேடையில் முழங்கினார்கள். எங்கள் வாலிபர்களும் தோளில் துண்டோடு மிராசுதார் தெருவில் நடந்தார்கள், நடந்ததற்காக அடியும் வாங்கினார்கள். கூலிக்கும் நிலத்துக்கும் நடந்த சண்டையில் அந்தத் துணிக்கும் ஒரு பங்கு உண்டு.

இதைத்தான் பேசப்போகிறேன் என்றதும் அப்பா சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

"இடுப்புல துண்டு கட்டுன கதைய ஊரக் கூட்டிச் சொல்லப்போறியா? மானம் போவுதும்மா."

"மானம் போக வேண்டியது கட்ட வச்சவங்களுக்குப்பா. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"கட்டுனவனுக்குத்தான் தெரியும். நீ என்ன வேணாலும் பேசிக்க. எங்கப்பான்னு மட்டும் வாயத் தொறக்கக் கூடாது. தொறப்பேன்னா நான் வரல."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர் வராமல் இதைப் பேசி என்ன பிரயோஜனம்? வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை என்று நாலு பேர் நடுவில், அவர் காதுபடச் சொல்வதற்குத்தானே இத்தனை பாடும்! சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

அன்றைக்கு நல்ல கூட்டம். அப்பா கடைசி வரிசை ஓரத்தில், தூணுக்குப் பின்னால் பாதி மறைந்தாற்போல் உட்கார்ந்துகொண்டார். நான் கோயில் சிற்பத்து மேலாடையில் தொடங்கி, ராஜாக்களின் அங்கவஸ்திரத்தைக் காட்டி, மெல்ல வயல்வரப்புக்கு வந்தேன். "ஒரு பண்ணையாள்" என்று ஆரம்பித்து, அவர் கை எப்போதெல்லாம் துண்டுக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தங்கப் பொத்தான் வைத்த ஜிப்பாவில் ஒரு பெரியவர். வேறு ஊர் மிராசுதார், ஒரு மாதம்கூடத் தவறாமல் பேச்சுக்கு வருகிறவர்.

"குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும்மா. யாரும் யாரையும் கட்டச் சொல்லலை. வேலை செய்யறவங்க வசதிக்கு இடுப்புல கட்டிக்கிட்டாங்க, அவ்வளவுதான். துணியில போய் அரசியலைப் பூசாதீங்க."

இரண்டு மூன்று தலைகள் ஆமாம் போட்டன. நான் பின்வரிசையைப் பார்த்தேன். அப்பா குனிந்துகொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கத்தித் தீர்த்திருப்பேன். நல்லவேளை, கூட்டத்துக்குக் காட்டுவதற்காகக் கும்பகோணத்தில் வாங்கிய வெள்ளைத் துண்டு மேசைமேல் கிடந்தது.

"ஐயா, கொஞ்சம் மேல வாங்க" என்றேன். வந்தார். துண்டைக் கையில் கொடுத்தேன்.

"அறுப்பு நேரம், உச்சி வெயில். களத்துல நிக்கிறீங்க. எது வசதியோ அப்படிக் கட்டிக் காட்டுங்க."

இவ்வளவுதானா என்பதுபோல் ஒரு உதறு உதறினார். இரண்டே சுற்றில் தலையில் அழகாக முண்டாசு கட்டி, நுனியைச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், அரங்கமே அதிர்ந்தது. பெரியவருக்கு முதலில் புரியவில்லை.

"இடுப்புல கட்டலையா ஐயா?"

"வெயிலாச்சேம்மா..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எங்க ஆளுங்க தலைய மட்டும் வெயில் விட்டுட்டுப் போச்சுங்களா? அவங்களும் தலையிலதான் கட்டியிருந்தாங்க. வரப்புல உங்க செருப்புச் சத்தம் கேட்டப்புறம்தான் அது இடுப்புக்கு எறங்குச்சு."

பெரியவர் முண்டாசை அவிழ்த்தார். துண்டை மடித்து மேசைமேல் வைத்தார். "வாஸ்தவம்தாம்மா" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு இறங்கினார். சும்மா சொல்லக் கூடாது, அதற்கும் ஒரு மனசு வேண்டும். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று வெளிப்படையாகவே குதூகலப்பட்டேன். மீதிப் பேச்சை எப்படி முடித்தேன் என்று இன்றைக்கும் சரியாக நினைவில்லை.

வேறு கேள்வி உண்டா என்று காப்பாட்சியர் கேட்டார். தூண் ஓரத்தில் அப்பா எழுந்து நின்றார். யாரோ அவரிடம் மைக்கை நீட்டினார்கள்.

"கேள்வி இல்லைங்க" என்றார். "ஒரு பண்ணையாள், ஒரு பண்ணையாள்னு பேர் சொல்லாம சொன்னிச்சே, அது நான்தாங்க. இது எம் மவ. நான்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. காப்பாட்சியர் இறங்கிப்போய், மேடைக்கு வரவேண்டும் என்று அவரைக் கூப்பிட்டார். அப்பா சுவர் ஓரமாக வரவில்லை. முன்வரிசைக்காரர்கள் எழுந்து நிற்க, நடுவழியாகவே நிதானமாக நடந்து வந்தார்.