தாய்மாமன் உள்ளே இருக்கிறார்

ஜடையன் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கிறார், குழாயைத் திருகுகிறார். தண்ணீர் வந்தால்தான் மணமக்களை வாழ்த்தப் போவார். எந்தக் கல்யாணத்திலும் அவருக்குக் கக்கூஸ் தரிசனம்தான் முதலில்.

கர்நாடக எல்லையோரக் கௌதள்ளி ஊர்க்காரர்; மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். சிறுநீரகம் கெட்டபோது அக்கா மாதேவி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அதை உடம்பு விரட்டிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்குகிறார். அந்த நேரம் பார்த்து ஒரு வைரஸ் குடலில் நுழைந்துவிட்டது. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் நிற்கும் வயிற்றுப்போக்கு, இவருக்குத் தீபாவளி போய் யுகாதி வந்தும் நிற்கவில்லை.

சட்டைப் பையில் எப்போதும் சோப்புப் பெட்டி. யாருக்கும் கை கொடுக்க மாட்டார். “கிட்ட வராதீங்க, உங்களுக்கும் பங்கு வந்துரும்” என்று தள்ளி நின்றே கும்பிடுவார். விலை பேசும்போதே “ஸ்வல்ப இரி, பந்தே!”, கொஞ்சம் இருங்க, இதோ வந்துட்டேன் என்று கன்னடத்தில் கத்திவிட்டு ஓடுவார். வாங்க வந்த வியாபாரிகள் அதைப் பேரத் தந்திரம் என்று நினைத்து, திரும்பி வருவதற்குள் விலையை ஏற்றிவிடுவார்கள்.

“மாத்திரையைக் குறைத்தால் வைரஸ் போகலாம். ஆனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து வரலாம்” என்றார் டாக்டர்.

“கொறைக்க வேண்டாமுங். வயிறு என்னுது, எப்பிடியோ போகுது. கிட்னி அக்காளுதுங்.”

போன ஆவணியில் குண்டலுபேட்டையில் மாதேவியின் மகள் ரூபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நொடியில், தாய்மாமன் ஜடையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார்.

“முகூர்த்தம் முடியப்போகுதும்மா, கட்டிடலாமே” என்றார் ஐயர்.

“என்ற தம்பி வராம தாலி ஏறாதுங்!” என்றார் மாதேவி.

மாப்பிள்ளையின் கை அந்தரத்திலேயே நின்றது. நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்தார். வீடியோக்காரர் விளக்கோடு ஓடிப்போய்க் கக்கூஸ் கதவைப் படம் பிடித்தார். மாப்பிள்ளையின் அப்பா கதவைத் தட்டினார்.

“மாமனுங்களா, ஆச்சுங்களா?”

“அவசரப்படுத்துனா ஆகாதுங்!” என்றது உள்ளிருந்து குரல்.

மண்டபமே சிரித்தது. ரூபாவும் தலை குனிந்தபடி குலுங்கினாள்.

கடைசியில் கதவு திறந்தது. சோப்பு மணக்க, வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்த ஜடையன், மேடையேறியதும் அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூசினார்.

“நேரம் தாண்டிருச்சாக்கா?”

மாதேவி முந்தானையால் தம்பியின் நெற்றி வியர்வையைத் துடைத்தபடியே, கெட்டிமேளம் என்று மறு கையை ஆட்டினார்.