மொட்டைத்துணிக் கடை

துணிக்கடை நடத்தத் துணியைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் கடை திறக்காதவர்கள். நான் திறந்துவிட்டேன். போடிநாயக்கனூரில், பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், பெண்களுக்கான ஆடைக் கடை. உங்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் வலி மற்றவர்களுக்குப் புரியாது.

கோயம்புத்தூரில் ஆடை வடிவமைப்பு படித்தபோது, மும்பையில் இருக்கும் ஒரு பெண் டிசைனர்மேல் எனக்குப் பெரிய பக்தி உண்டானது. அந்த அம்மாவின் உடைகளில் ஜரிகை கிடையாது, பூ கிடையாது, கல் கிடையாது, பட்டன்கூட வெளியே தெரியாது. ஒரே நிறம், ஒரே ஒரு மடிப்பு. அந்த மடிப்பு விழும் அழகைப் படத்தில் பார்த்தே கண் கலங்கியிருக்கிறேன். அதே மாதிரி உடைகளை நம் ஊர்ப் பெண்களுக்கும் தைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்து, படிப்புக்குப் பின் அங்கேயே கிடைத்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். "ஒரு வருசம் பாரு. ஓடலைன்னா வந்து மண்டியில உக்காரு" என்றார். மண்டியில் உட்காரக்கூடாது என்ற பயத்தோடுதான் கடையைத் திறந்தேன்.

திறப்பு நாள்

சுவர் முழுக்க வெள்ளை. ஒரே ஒரு கம்பி, அதில் நல்ல இடைவெளி விட்டுச் சில உடைகள். வெற்றிடமும் ஒரு அழகு என்று அந்த டிசைனர் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். வெற்றிடம் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் அமைந்துவிட்டது.

முதலில் வந்தவர் அப்பாவின் கூட்டாளி வீட்டு அம்மா. நல்ல மனசுக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஏசி காற்றில் கொஞ்ச நேரம் நின்று, நாலு சுவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து அன்பாகக் கேட்டார்: "கடை லெச்சணமா இருக்கு ஆத்தா. சரக்கு எப்ப வந்து எறங்கும்?"

போட்டுப் பார்த்தவர்

ஒரு மாதத்தில் ஊர் என் கடைக்கு "மொட்டைத்துணிக் கடை" என்று பெயர் வைத்துவிட்டது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அப்படி வந்தவர்களில் ஒரு கூட்டுறவு வங்கி ஊழியர், யானைத் தந்த நிறத்தில் கணுக்கால் வரை இருந்த கவுனை எடுத்துக்கொண்டு துணி மாற்றும் அறைக்குள் போனார். என்னிடம் தைக்கும் ராசாத்தி அக்கா மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

ரொம்ப நேரம் கதவு திறக்கவில்லை. துணி பிடித்துப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று ரசிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கடைசியில் கதவு கொஞ்சமாகத் திறந்தது. தலையை மட்டும் வெளியே நீட்டிச் சொன்னார்: "லைனிங் அளவாத்தான் இருக்குங்க. மேல்துணியைக் கொண்டாங்க."

கல்யாணப் பெண்

பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். போனில் ஒரு படத்தைக் காட்டி, "வரவேற்புக்கு இந்த மாதிரி வேணும்க்கா" என்றாள். பார்த்தால், என் டிசைனரின் உடை. இந்த மாவட்டத்தில் என்னைத் தவிர இன்னொரு பக்தை இருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தோளிலிருந்து தரை வரை ஒற்றை மடிப்பு வைத்து, வெண்ணெய் நிறப் பட்டில் தைத்தோம். அந்த மடிப்பைப் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் ராசாத்தி அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அளவு பார்க்கும் நாளில் பெண்ணோடு அம்மாவும் அத்தையும் வந்தார்கள். "கல்யாண வீட்ல வெள்ளையாம்மா?" என்றார் அம்மா. நிறத்தை மாம்பழ மஞ்சளாக மாற்றினோம். அடுத்த தடவை, "கரை இல்லாட்டி நைட்டி மாதிரில்ல இருக்கு" என்றார் அத்தை. கரை வைத்தோம். அதற்குப் பிறகு கழுத்தில் முத்து வந்தது, கையில் கல் வந்தது, முதுகில் ஜோடி மயில் வந்தது. மயிலின் தோகை சரியாக மடிப்பின் மேலேயே விரிந்தது. பெண் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

உடையை வாங்கிப்போக வந்த அன்று, பெரியவர்கள் வெளியே போன பிறகு, "உன் படத்துல இருந்த மாதிரி தர முடியலைம்மா" என்றேன். அவள் உடையின் உள்பக்கமாகக் கையை விட்டு, தோளிலிருந்து இடுப்பு வரை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். "மயிலுக்கு அடியில மடிப்பு இருக்குல்லக்கா. அது எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

மலையில் ஒரு படப்பிடிப்பு

போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்தில் என் டிசைனர் தன் புதிய உடைகளைப் படம் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. பின்னணியில் நிற்கத் தோட்ட வேலை செய்யும் பெண்கள் வேண்டுமாம். கூட்டிவர உள்ளூர் ஆள் தேடுகிறார்கள். நான் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன். ஏலத் தோட்ட வேலைக்குத் தினமும் ஜீப்பில் மலை ஏறும் பொன்னுத்தாயி அக்காவிடம், கூட வேலை செய்கிறவர்களைக் கூட்டிவரச் சொல்லிவிட்டேன். மறுநாள் ஜீப் வந்து நின்றதும் எட்டிப் பார்த்தேன். எல்லாரும் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் கல் வைத்த ஜாக்கெட். அதில் ஒன்றுகூட என் கடையில் தைத்ததில்லை.

டிசைனரின் உதவியாளர் பதறிப்போனார். வேலைக்குப் போடும் துணிதான் வேண்டுமாம். "சோலிக்குப் போடுறதைப் போட்டுக்கிட்டா போட்டோவுக்கு நிப்பாக?" என்று கேட்டுவிட்டுப் பொன்னுத்தாயி பாறையில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. படமெடுக்க வந்த ஒரு ஆள் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, வெளிச்சம் போகிறதென்று கத்தினார். சாம்பல் நிறத்தில் தொளதொள உடை அணிந்திருந்த டிசைனர் மட்டும் யாரோடும் பேசாமல், கொட்டகைக் கம்பியில் தொங்கிய ஒரு சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னுத்தாயி வேலை நேரத்தில் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும், அவர் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. மழையிலும் ஏலக்காய்க் கறையிலும் ஊறி, என்ன நிறமென்றே சொல்ல முடியாது. காலர் கிழிந்து எப்போதோ போய்விட்டது.

டிசைனர் அதை இரண்டு கையாலும் எடுத்து, தையலைத் தடவி, தோள்பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இது தனக்கு வேண்டும் என்றும், பதிலுக்குத் தன் புதிய உடைகளிலேயே சிறந்த ஒன்றைத் தருகிறேன் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த உடையைத் தொடும் முன் நான் கையைத் துடைத்துக்கொண்டேன். பொன்னுத்தாயியிடம் தமிழில் சொன்னேன். அவர் சட்டையை மடித்துத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, நீட்டிய உடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்ன பதிலை "மிக்க நன்றி என்கிறார்" என்று நான் மொழிபெயர்த்தேன். உண்மையில் சொன்னது இது: "வேணாம் தாயி. ஒரு பழைய சட்டையைக் குடுத்துட்டு இன்னொரு பழைய சட்டையை வாங்கிட்டுப் போனா வீட்ல என்னைய என்ன நெனைப்பாக?"

ஓடிய சரக்கு

வருஷம் முடியப்போகிற நேரத்தில், யாரும் எதிர்பார்க்காதபடி மொட்டைத்துணி விற்க ஆரம்பித்தது. முதலில் ஒரு பள்ளி ஆசிரியை வந்து மண் நிறக் குர்தா எடுத்தார். அடுத்த வாரமே வந்து இன்னொன்று. பிறகு அவர் தங்கை, தங்கையின் தோழிகள், குரங்கணியிலிருந்து ஒரு செவிலியர். எல்லாரும் பையை வேண்டாம் என்று சொல்லி, துணியைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு போனார்கள். ஊருக்கு ரசனை வந்துவிட்டது என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவரும் மண்டிப் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஒருநாள் அந்த ஆசிரியையிடமே கேட்டேன், இந்த உடையில் எது பிடித்தது என்று. மடிப்பு என்பார், வெட்டு என்பார் என்று காத்திருந்தேன். அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: "புதுசு எடுத்தோம்னு மாமியாரால கண்டுபிடிக்கவே முடியலைங்க. அதான் வேணும்."

போடியில் எளிமை இப்போது நன்றாகவே விற்கிறது, வாங்குகிறவர்கள் வெளியே சொல்லாததால் அது உங்கள் காதுக்கு இன்னும் எட்டியிருக்காது.