சத்தம் அடங்கிய மீன் வண்டி

அப்பாவின் மீன் வண்டி நகர்ந்தாலே ஊளையிடும். பின்சக்கரங்களுக்கு நடுவே, டிஃபரன்சியல் என்ற பல்சக்கரப் பெட்டிக்குள் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. மணமேல்குடியில் விடியும்போது மீன் ஏற்றி, ஏழெட்டு ஊர்கள் சுற்றி, வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட்டு வருவார்.

அம்மாவின் தம்பி, ஷார்ஜாவில் லாரி ஓட்டும் மாமா, கோடை விடுமுறையில் வந்திருந்தார். வண்டிச் சத்தத்துக்கு முகம் சுளித்தவர், தன் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். டிஃபரன்சியல் ஆயிலில் கலக்கும் மருந்தாம்.

“எங்க ஊர்ல இத ஊத்தாம எவனும் வண்டியத் தொட மாட்டான் மச்சான்.”

ஐந்து வருடத்தில் ஷார்ஜா அவருக்கு ‘எங்க ஊர்’ ஆகியிருந்தது.

மருந்து தேன்போலக் கெட்டியாக இறங்கியது. தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை. அன்று முழுக்க மாமா வருவோர் போவோரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நானும் வண்டியில் போனேன். அப்பா ஊர் ஊராக ஹாரன் அடித்தார். வழக்கமாகச் சட்டியோடு நிற்பவர்களில் பாதிப் பேரைக் காணவில்லை. பதினொரு மணிக்கு ஐஸ் தண்ணீராகிவிட்டது. அரைப் பெட்டி மீன் அப்படியே கிடந்தது. வீட்டில் இரண்டு வேளையும் மீன்தான். மாமா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் ஒரு பெண் சாலைக்கே வந்து வண்டியை மறித்தார்.

“ஏண்ணே, நேத்து எங்கிட்டுப் போனீங்க? புளியக் கரைச்சு வச்சுட்டு ஒக்காந்திருந்தேன்.”

“வந்தேனே ஆத்தா, ஹாரன் அடிச்சேனே.”

“ஹாரன் ஐஸ்காரனுந்தான் அடிக்கிறான். ஒங்க வண்டி அழுவுறது கேட்டாத்தானே நான் சட்டிய எடுப்பேன்!”

அன்று மதியம் மாமா தூங்கும்போது அப்பா வண்டிக்கு அடியில் படுத்து, இருந்த ஆயிலை வடித்துவிட்டு வெறும் ஆயிலை ஊற்றினார். என்னைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்தார்.

மறுநாள் காலையில் வண்டி ஊளையிட்டபடி கிளம்பியது. மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அப்பா வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

“மருந்து நல்ல மருந்துதான் மாப்ள. வண்டிதான் கெழடு.”

“அடுத்த லீவுக்கு ரெண்டு பாட்டிலாக் கொண்டாரேன் மச்சான்.”

“கொண்டாங்க.”

அப்பா இவ்வளவு கூசாமல் பொய் சொல்வார் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்து சீட்டிலிருந்து நான் மாமாவுக்குக் கையசைத்தேன். மீன் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது.

சொன்னபடியே அடுத்த லீவில் இரண்டு பாட்டில்கள் வந்தன. அப்பா அவற்றைத் துடைத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த மாதம் முழுக்க வண்டி ஊளையிட்டபடியே போய் வந்தது. பாட்டில்களை ஏன் இன்னும் திறக்கவில்லை என்று மாமா ஒருநாளும் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்றே அப்போது நான் நினைத்தேன்.